மும்பையில் இருந்து ஈபே, எட்ஸியில் விற்கிறோம். மாதக் கட்டணம் கட்டி ‘ஸ்டோர்’ எடுத்தால் கட்டுப்படியாகுமா?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரமே கணக்குப் போடப் போதும். தாராவியில் குடும்பமாகத் தோல் பர்ஸ், பெல்ட் செய்கிறீர்கள். மொத்தம் 30 டிசைன். மாதம் பதினைந்து ஆர்டர், சராசரியாக 30 டாலர். ஸ்டோர், அதாவது அந்த இணையச் சந்தையில் சந்தா கட்டி எடுக்கும் கடைத் திட்டம், எடுத்தால் ஆர்டர் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். இதைச் சொல்கிற நான் ஈபேயில் ஸ்டோர் கட்டணம் கட்டித்தான் விற்கிறேன். எனக்குக் கட்டுப்படியாகிறது, உங்களுக்கு ஆகாது. காரணம் சரக்கில் இருக்கிறது.

நான் சயான் கோலிவாடாவில் இருந்து பழைய தீப்பெட்டி லேபிள் விற்கிறவன். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்து லேபிள்களைத் தேடி வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். (எங்கள் வீட்டில் இன்னும் யாரும் இதை ஒரு தொழிலாக ஒப்புக்கொள்ளவில்லை.) ஒவ்வொரு லேபிளும் ஒரே ஒரு பிரதி, விலை மூன்று நான்கு டாலர். ஒன்றுக்கு ஒன்று தனி லிஸ்டிங் (தளத்தில் பொருளுக்கான விற்பனைப் பதிவு) போட்டாக வேண்டும். வாங்க ஆள் வரும்வரை அது மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புதுப்பித்தலும் ஈபே அந்த மாதத்துக்கு இலவசமாகத் தரும் லிஸ்டிங் எண்ணிக்கையில் ஒன்றைத் தின்னும்.

ஈபேயின் அமெரிக்கத் தளத்துக் கட்டண அட்டவணையை வைத்துச் சொல்கிறேன். உங்கள் கணக்கில் வேறு எண் காட்டினால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான். ஸ்டோர் இல்லாதவருக்கு மாதம் 250 லிஸ்டிங் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 0.35 டாலர். ‘பேசிக்’ ஸ்டோர் எடுத்தால் நிலையான விலை (ஏலம் அல்லாத) லிஸ்டிங் 1,000 வரை இலவசம். ஆண்டுத் திட்டத்தில் மாதத்துக்கு 21.95 டாலர், மாத மாதம் கட்டினால் 27.95. 21.95-ஐ 0.35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 63 வரும். அதாவது இலவச 250-ஐயும் சேர்த்து 312 லிஸ்டிங் வரை ஸ்டோர் நஷ்டம், அதைத் தாண்டினால் லாபம். மாதத் திட்டம் என்றால் அந்தக் கோடு 330 பக்கம் போகும். என்னிடம் எப்போதும் அதைவிட எவ்வளவோ அதிகம் கிடக்கிறது, அதனால் கட்டுகிறேன்.

உங்களுக்கு 30 டிசைன். ஒரே பர்ஸ் கறுப்பு, பிரவுன், டான் என்று ஐந்து நிறத்தில் இருந்தாலும் ஒரே லிஸ்டிங்குக்குள் வகைகளாகப் போட்டுவிடலாம், ஒன்றாகத்தான் எண்ணப்படும். இந்த வகையில் நீங்கள் 250-ஐ எட்டவே வழியில்லை.

அடுத்தது விற்பனைக் கழிவு, அதாவது விற்றால் ஈபே எடுத்துக்கொள்ளும் கமிஷன். பெரும்பாலான பிரிவுகளில் ஸ்டோர் இல்லாதவருக்கு 13.6%, பேசிக் எடுத்தவருக்கு 12.7%. இது 2025 பிப்ரவரியில் ஏறிய விகிதம். பொருளின் விலையோடு தபால் செலவையும் சேர்த்துத்தான் கழிவு போடுவார்கள். வித்தியாசம் 0.9 புள்ளி. உங்கள் 15 ஆர்டர், 450 டாலரில் மிச்சமாவது நாலு டாலர். அதற்கு 22 டாலர் கட்டுவானேன்? கழிவை மட்டும் நம்பிக் கட்டணத்தை ஈடுகட்ட வேண்டுமென்றால் மாதம் ஏறக்குறைய 2,440 டாலருக்கு விற்றாக வேண்டும்.

பேசிக்குக்குக் கீழே ‘ஸ்டார்ட்டர்’ என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுத் திட்டத்தில் மாதம் 4.95 டாலர்தான் என்பதால் பலருக்கும் கை அங்கேதான் போகிறது. அதில் இலவச லிஸ்டிங் அதே 250, கழிவு விகிதமும் ஸ்டோர் இல்லாதவருடையதே. கடைக்கு ஒரு முகப்புப் பக்கமும் சில தள்ளுபடி வசதிகளும் கிடைக்கும், அவ்வளவுதான். நானாக இருந்தால் அந்த ஐந்து டாலரைத் தொடமாட்டேன்.

இனி, ‘ஆர்டர் கூடும்’ என்ற பேச்சு. பர்ஸ்ட் கிளாஸ் பாஸ் எடுத்தவனுக்காக லோக்கல் சீக்கிரம் தாதர் போய்ச் சேருவதில்லை. வாங்குகிறவர் ‘கோட் லெதர் வாலட்’ (ஆட்டுத் தோல் பர்ஸ்) என்று தேடி, படத்தையும் விலையையும் தபால் செலவையும் பார்த்து உள்ளே வருகிறார். கடையின் முகப்பைத் தேடி வருகிறவர் ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவராக இருப்பார். அந்த 22 டாலரை நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கச் செலவழியுங்கள். ஆட்டுத் தோலா எருமைத் தோலா, தையல் கையா மெஷினா என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

எட்ஸி பக்கம் இன்னும் எளிது. அங்கே லிஸ்டிங் ஒன்றுக்கு 0.20 டாலர், நான்கு மாதத்துக்கு. விற்றால் 6.5% கழிவு. ‘எட்ஸி ப்ளஸ்’ மாதம் 10 டாலர், அதில் 15 லிஸ்டிங்குக்கான வரவும் (கிரெடிட்) விளம்பரத்துக்கு 5 டாலர் வரவும் தருகிறார்கள். பதினைந்து லிஸ்டிங் என்பது 3 டாலர், ஆக மொத்தம் 8. மிச்ச 2 டாலருக்குத்தான் பேனர், சரக்கு மறுபடி வந்தால் வாங்குபவருக்குத் தகவல் போகும் வசதி போன்றவை. ஏற்கெனவே மாதம் 5 டாலராவது விளம்பரம் போட்டு, பதினைந்து லிஸ்டிங்காவது புதிதாக ஏற்றுகிறவருக்கு அது நஷ்டமில்லை. மற்றவர்களுக்கு அந்த 8 டாலர் காகிதத்தில் மட்டும்தான், மாத முடிவில் மிஞ்சிய வரவு அடுத்த மாதத்துக்கு வராது.

ஜிஎஸ்டியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சந்தாவின் மேல் 18% உண்டு, லிஸ்டிங் கட்டணத்தின் மேலும் அதே 18%. இரண்டு பக்கமும் ஒரே வரி என்பதால் மேலே போட்ட கணக்கு மாறாது. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இதை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம், உங்கள் சிஏவிடம் (ஆடிட்டரிடம்) அதைச் சொல்லி வையுங்கள்.

என்றைக்காவது டிசைன் பெருகி ஸ்டோர் எடுக்கும் நிலை வந்தால், முதலில் ஆண்டுத் திட்டத்துக்குப் போகாதீர்கள். நடுவில் நிறுத்தினால் அதற்கும் ஒரு கட்டணம் பிடிப்பார்கள். தோல் பொருள் அதிகம் ஓடுவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதங்களில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதத் திட்டம் போட்டால் 83.85 டாலர், ஆண்டுத் திட்டத்தின் பன்னிரண்டு மாதத்துக்கு 263.40. வாங்குபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 800 டாலர் வரையிலான பார்சலுக்கு அங்கே இருந்த சுங்க வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ஓடு போய்விட்டது. 30 டாலர் பர்ஸுக்கும் இப்போது வரிக் கணக்கு உண்டு. அந்த நிலவரம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு வருடத்துக்குக் கையைக் கட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே கேள்வியை அமேசானின் அமெரிக்கத் தளத்துக்குக் கேட்டால் பதில் ஒரு வரிதான். தனிநபர் திட்டத்தில் விற்கும் ஒவ்வொன்றுக்கும் 0.99 டாலர், ப்ரொபஷனல் மாதம் 39.99. மாதம் 40 உருப்படி விற்றால் இரண்டும் ஏறக்குறைய சமம், அதற்கு மேல் ப்ரொபஷனல். ஈபே தன் இந்தியத் தளத்தின் உள்நாட்டு விற்பனையை 2018 ஆகஸ்டில் மூடிவிட்டதால், இங்கே உள்ளூரில் விற்க ஈபே ஸ்டோர் எந்த வகையிலும் உதவாது. உள்நாட்டுத் தளங்களில் அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ மூன்றிலும் விற்க மாதச் சந்தா கிடையாது.

மொத்த வியாபாரத்துக்கு விற்பனையாளர்களைப் பட்டியலிடும் டைரக்டரி தளங்களில் இருந்தும் உங்களுக்குப் போன் வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன், தாராவியில் வராத கடை இல்லை. “சேட், பூரே சால் கா பேக்கேஜ்” (முதலாளி, வருடம் முழுவதற்குமான பேக்கேஜ்) என்று ஆரம்பிப்பார்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வாங்க நினைப்பவர் ஒருவரின் விசாரணையை எத்தனை விற்பனையாளருக்கு அனுப்புவீர்கள்? எழுத்தில் பதில் வந்தால் மேலே பேசலாம்.