எரிமலைக்கு ஒரு நாள்: மாமியாரும் வரலாம், ஆனால் எதுவரை?

கேள்வி: ஜூலை விடுமுறையில் குடும்பத்தோடு ஐந்து நாள் ரீயூனியன் தீவுக்குப் போகிறோம். சேன் பியேரில் என் கணவரின் சித்தப்பா வீட்டில் தங்குவோம். அங்கே ஒருவர் "எரிமலை, ஒரு நாள், வழிகாட்டியுடன்" என்று சுற்றுலா நடத்துகிறார். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. மாமியாருக்கு 67, முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. ஆனாலும் எரிமலையைப் பார்த்தே தீருவேன் என்கிறார். அங்கே ஒரு சூடம் ஏற்றிக் கும்பிட வேண்டுமாம். எல்லோரும் போகலாமா? நெருப்புக் குழம்பு ஓடுவதைப் பார்க்க முடியுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த ஏற்பாட்டாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், சகோதரி: "எந்த இடம் வரைக்கும் கூட்டிப்போகிறீர்கள், அதில் எத்தனை மணி நேரம் நடை?" ரீயூனியனில் "எரிமலைச் சுற்றுலா" என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பயணங்கள் விற்கப்படுகின்றன. ஒன்றில் பா தெ பெல்கோம்ப் விளிம்பு வரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இன்னொன்றில் அங்கிருந்து கீழே இறங்கி, எரிமலை உச்சியிலுள்ள தொலோமியூ பெருவாய் வரை போய்வர ஐந்தாறு மணி நேரம் நடக்க வேண்டும். மூன்றாவது, கிழக்குக் கடலோரத்தில் பழைய குழம்பு விட்டுப்போன குகைகளுக்குள் தலைக்கவசமும் முழங்கால் காப்பும் போட்டுக்கொண்டு குனிந்தும் தவழ்ந்தும் போவது. முதலாவது உங்கள் மாமியாருக்குச் சரி. இரண்டாவது அவருக்கு ஆகாது. மூன்றாவதை முழங்கால் வலிக்காரர் நினைக்கவே வேண்டாம்.

நிலத்தின் அமைப்பு தெரிந்தால் மற்றது எளிது. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற இந்த எரிமலை 2,632 மீட்டர் உயரம். அதைச் சுற்றிக் குதிரை லாட வடிவில், கடல் பக்கம் மட்டும் திறந்தபடி, செங்குத்தான பாறைச் சுவர் நிற்கிறது. சுவருக்கு உள்ளே இருக்கும் பரந்த கரும்பாறை வெளிக்கு ஆங்க்லோ என்று பெயர். அண்மைக் கால வெடிப்புகளில் பெரும்பாலானவை அதற்குள்ளேதான் நடந்திருக்கின்றன. பா தெ பெல்கோம்ப் அந்தச் சுவரின் மேல்விளிம்பு, 2,311 மீட்டர். சாலை அங்கே முடிகிறது. வண்டி நிறுத்தத்திலிருந்து பார்வை மேடை சில நிமிட நடைதான். அங்கே நின்றாலே முழு மலையும், கீழே ஃபோர்மிகா லேயோ என்ற சிவப்புக் குன்றும் தெரியும். 1753இல் எழுந்த சாம்பல் குன்று அது. நம் கூரெப்பிப்பில் துரு ஓ செர்ஃப் எரிமலைவாயைப் பார்த்த பிள்ளைகள் புல்லும் மரமும் சூழ்ந்த பள்ளத்தைத்தான் எரிமலை என்று நினைத்திருப்பார்கள். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பாறைதான்.

விளிம்பிலிருந்து ஆங்க்லோவுக்குள் இறங்க 500க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. சீரான படிகள் இல்லை. உயரம் மாறி மாறி வரும், பனி விழுந்தால் வழுக்கும். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. அதோடு நாள் முடிவில், களைத்த காலோடு, இதே படிகளை ஏறித்தான் வெளியே வர வேண்டும். வேறு வழி கிடையாது. காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைக்கோயில் படிகளை மாமியார் எப்படி ஏறி இறங்குகிறார் என்று கவனியுங்கள். அங்கேயே இடையிடையே உட்கார்ந்துதான் ஏறுகிறார் என்றால் பெல்கோம்ப் படிகளில் அவர் கால் வைக்க வேண்டாம்.

அடிவாரத்தை அடைந்தபின் ஃபோர்மிகா லேயோ கால் மணி தூரம். படிகளையும் சேர்த்துப் போய்வர ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்பது வயது மகளுக்கு இது போதும், மகிழ்ச்சியாகவும் இருக்கும். அதற்கு அப்பால் ரோஸ்மோன் தேவாலயம் என்று அழைக்கப்படும் பாறைக்கூடு. குழம்பு கொப்புளமாக எழும்பி உறைந்த இடம். பிறகு பாதை மெல்ல ஏறித் தொலோமியூ விளிம்பில் முடிகிறது. போகவர ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 2007 ஏப்ரலில் அந்தப் பெருவாயின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கிவிட்டது. அன்றிலிருந்து விளிம்புகள் நிலையாக இல்லை. கீழே தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேலே நிற்பவருக்குத் தெரியாது. குறியிட்ட பார்வை இடத்தைத் தாண்டி ஒரு படத்துக்காகக்கூட மகன் போகக் கூடாது. இதை முதல் நாளே சொல்லி வையுங்கள். அவன் லெ பூஸ் மலையை முனகாமல் ஏறி இறங்குகிறவன் என்றால் இந்த நடை அவனால் முடியும்.

இங்கேதான் குடும்பங்கள் தவறு செய்கின்றன. ஆண்கள் பெருவாய்க்குப் போவார்கள், பாட்டி மேலே காத்திருப்பார் என்று திட்டமிடுகிறார்கள். ஆறு மணி நேரம், ஜூலைக் குளிரில், காற்றில், வண்டிக்குள்! வேண்டாம். ஒரு நாளை எல்லோருக்குமாக வையுங்கள்: விடிகாலையில் பெல்கோம்ப், பிள்ளைகளும் பெற்றோரில் ஒருவரும் வழிகாட்டியோடு ஃபோர்மிகா லேயோ, மற்றவர் மாமியாரோடு மேடையில். பதினோரு மணிக்குள் கிளம்பி பூர் மூரா ஊருக்கு இறங்கி, எரிமலை அருங்காட்சியகமான சித்தே து வோல்கானைப் பாருங்கள். உங்கள் கணவரும் மகனும் பெருவாய் நடைக்கு வேறொரு நாள் ஒரு குழுவோடு போகட்டும்.

நேரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வெயில் ஏற ஏறக் கடலின் ஈரக்காற்று சரிவில் மேலேறி மேகமாகிறது. பல நாள் பத்து, பதினோரு மணிக்கே மலை மறைந்துவிடும். சேன் பியேரிலிருந்து பெல்கோம்ப் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரப் பயணம். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் சூரியோதயத்துக்குச் சரியாக இருக்கும். எட்டரைக்குத்தான் அழைக்க வருவோம் என்கிற ஏற்பாட்டாளரை விட்டுவிடுங்கள். வழி வளைந்து வளைந்து ஏறும். கடைசிப் பகுதி பிளேன் தே சாப்ல் என்ற சாம்பல் சமவெளியில் குண்டும் குழியுமான மண் பாதை. குமட்டல் வரும் பிள்ளையை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வெறும் வயிற்றிலும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். கழிவறைக்கு பூர் மூராவிலேயே நிறுத்தச் சொல்லுங்கள்; ஆங்க்லோவுக்குள் கழிவறையும் இல்லை, தண்ணீரும் இல்லை, நிழலும் இல்லை. உங்கள் கணவர் தானே ஓட்டுவதாக நினைத்தால், ரீயூனியனில் சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இருட்டில், மூடுபனியில், மலை வளைவில் அதை முதன்முதலாகப் பழகுவது சரியல்ல. அதற்காகவே வழிகாட்டியின் வண்டி நல்லது.

நெருப்புக் குழம்பு பற்றி நேராகச் சொல்கிறேன்: அதை எதிர்பார்த்துப் பணம் கட்டாதீர்கள். 2019இல் ஐந்து முறை வெடித்தது; அதில் ஜூன் மாத வெடிப்பு இரண்டு நாளில் அடங்கிவிட்டது. மாதக்கணக்கில், ஆண்டைத் தாண்டியும் சும்மா இருந்த காலங்களும் உண்டு. அதைவிட முக்கியம், வெடிப்பு நெருங்கினாலோ தொடங்கினாலோ ஆங்க்லோ மூடப்பட்டுவிடும். பூர் மூராவில் 1979 முதல் இயங்கும் கண்காணிப்பு நிலையம் நில அதிர்வையும் மலை உப்புவதையும் வாயுவையும் அளக்கிறது. அதன் தகவலை வைத்து அரசின் உள்ளூர்ப் பிரதிநிதியான ப்ரெஃபெக்ட் எச்சரிக்கை நிலையை அறிவிப்பார். "விழிப்பு" என்றால் பாதைக் கட்டுப்பாடுகளைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். "எச்சரிக்கை 1" என்றால் வெடிப்பு நெருங்கிவிட்டது. உள்ளே இருப்பவர்களும் வெளியேற்றப்படுவார்கள். "எச்சரிக்கை 2" என்றால் வெடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் உள்ளே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் வழிகாட்டியே அல்ல. வெடிப்பை வெளியே நின்று பார்க்கிற இடங்கள் உண்டு. வெடித்த இடத்தைப் பொறுத்துப் பெல்கோம்ப் மேடையிலிருந்தோ பித்தோன் தெ பேர் பக்கச் சுவர் விளிம்பிலிருந்தோ தெரியும். ஆனால் சாலை வண்டிகளால் அடைத்துக்கொள்ளும், குளிரில் மணிக்கணக்காக நிற்க வேண்டிவரும். குழம்பு கடலில் விழுகிற இடத்தின் வெள்ளைப் புகையை நெருங்கவே கூடாது: கடல் உப்பு வெந்து அமிலமும் நுண்ணிய கண்ணாடித் துகளும் அதில் கலந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எரிமலையின் கந்தக வாயுவும் ஆபத்து.

ஆகையால் முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஆங்க்லோ மூடப்பட்டால் மாற்றுப் பயணம் எது, பணம் திரும்புமா, வானிலை கெட்டால் முதல் நாள் மாலை எத்தனை மணிக்குள் சொல்வார்கள், குழுவில் எத்தனை பேர். வழிகாட்டி மலைநடைக்கான அரசுச் சான்றும் தொழில் அட்டையும் உள்ளவரா என்றும் கேளுங்கள். உள்ளவர்கள் தயங்காமல் காட்டுவார்கள்.

உடைக்கு வருவோம். இந்த மலையில் ஆட்களைச் சிக்க வைப்பது நெருப்பு அல்ல, குளிரும் மூடுபனியும்தான். ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலை வெப்பம் பூஜ்யத்தை ஒட்டிப்போகும். பத்து மணிக்குத் தோலைச் சுடும். எனவே ஒரே தடித்த கோட்டு உதவாது. பனியன், கம்பளிச் சட்டை, காற்றும் மழையும் புகாத மேலுடை என்று அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மாமியார் சேலையில் வரட்டும். உள்ளே கம்பளிக் காலுறை நீளமாக, காலில் மூடிய காலணி. செருப்பு வேண்டவே வேண்டாம். நடப்பவர்களுக்குக் கணுக்காலைப் பிடிக்கிற தடித்த அடிப்பாகக் காலணி தேவை. ஆண்டுக்கணக்காக அலமாரியில் கிடந்த மலைநடைக் காலணியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்: மொரீஷியஸின் ஈரக்காற்றில் உள்ளிருக்கும் நுரை மக்கி, பார்க்கப் புதிதாக இருக்கும் அடிப்பாகம் பாதி வழியில் முழுதாகக் கழன்று விழும். கிளம்பும் வாரத்தில் அதைப் போட்டு இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். ஒரு சுருள் தடித்த ஒட்டுநாடா பையில் இருக்கட்டும்.

முழுக்கால் சட்டையும் சாதாரணத் தோட்டக் கையுறையும் கட்டாயம். கயிறு முறுக்கியதுபோல் வழுவழுப்பாக உறைந்த பாறையில் நடக்கச் சுகம். உள்ளூரில் கிராத்தோன் என்கிற கரடுமுரடான பாறை அப்படியல்ல; தடுக்கி விழுந்து கையை ஊன்றினால் உள்ளங்கை கிழிந்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பின்கழுத்துக்கும் காதுக்கும் வெயில் களிம்பு.

பாதை நெடுக வெள்ளைச் சாயக் குறிகள் பாறையில் இருக்கும். மூடுபனியில் அடுத்த குறி தெரியவில்லை என்றால் முன்னேறக் கூடாது. கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பி அங்கேயே இருக்க வேண்டும். குறுக்கு வழி தேடுகிறவர்கள்தான் தொலைகிறார்கள். வழிகாட்டியோடு போனாலும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கட்டும். அவசர எண் 112. கைபேசி எல்லா இடத்திலும் எடுக்காது.

மாமியாரின் சர்க்கரை அளவுமானியும் இன்சுலின் போடுபவராக இருந்தால் அதுவும் உடலோடு ஒட்டிய உள்பையில் இருக்க வேண்டும். குளிரில் கருவி பிழை காட்டும். அதிகாலைப் பயணத்தால் மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் இடம் மாறும். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற வழக்கமானால் வேறு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். சுற்றுலாவோடு தருகிற சாப்பாட்டில் பெரும்பாலும் கோழியோ பன்றியிறைச்சியோ இருக்கும். சைவம் வேண்டுமென்று பதிவின்போதே சொல்லுங்கள். சித்தப்பா வீட்டில் ரொட்டியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டித் தந்தால் அதைவிட நல்லது. ஊரிலிருந்து பழம் எடுத்துப்போகாதீர்கள். பயிர் நோய்க் காப்புக்காக விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

மொரீஷியஸில் இருந்து போகிறவர்களின் மருத்துவமனைச் செலவு அவர்களையே சேரும். மலைநடையையும் உள்ளடக்கும் பயணக் காப்பீடு எடுங்கள். எரிமலைப் பயணத்தை விமானம் ஏறுகிற நாளில் வைக்காதீர்கள். முதல் அல்லது இரண்டாம் நாளில் வைத்தால் வானிலை கெட்டாலும் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். ஜூலை என்பதால் புயல் பயம் இல்லை. இந்தச் சாலை அருகே உள்ள கோமெர்சோன் பெருவாயில் 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர் மழை பெய்தது, உலகச் சாதனை அது. ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே வர நினைக்கும் மற்ற வாசகர்கள் இதைக் கருத்தில் கொள்ளட்டும்.

மாமியாருக்காக இன்னொரு நாள் ஒதுக்கச் சொல்வேன்: கடலோரச் சாலை. சேன் ஃபிலிப்பிலிருந்து சேன்த் ரோஸ் வரை, கிராண் ப்ரூலே சரிவில், ஓடி உறைந்த குழம்புகளைச் சாலை அப்படியே வெட்டிக்கொண்டு போகிறது; எந்த ஆண்டு ஓடியது என்று ஓரத்தில் பலகை இருக்கும். 2007 குழம்பைக் காரிலிருந்து இறங்கி இரண்டடி வைத்தால் கையால் தொடலாம். பித்தோன் சேன்த் ரோஸில் 1977இல் குழம்பு மாதா கோவில் வாசல் வரை வந்து இரண்டாகப் பிரிந்து சுற்றிப்போனது. கோவில் இன்றும் நிற்கிறது, இப்போது அதன் பெயர் நோத்ர் தாம் தே லாவ். தெய்வச் செயலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிற மனதுக்குப் பெல்கோம்பைவிட இந்த இடம் நிறைவு தரும் என்பது என் எண்ணம்.

சூடம் பற்றி: மலை முழுதும் 2007இல் அமைந்த தேசியப் பூங்காவின் மையப் பகுதி, திறந்த நெருப்பு அங்கே தடை. காய்ந்த புதரில் ஒரு பொறி பட்டால் பல நாள் எரியும். மேடையில் நின்று கைகூப்பிக் கும்பிடட்டும். சூடத்தை அன்று மாலை சேன் பியேரில் கோவிலில் ஏற்றலாம். கல் எடுத்துவரவும் அனுமதி இல்லை. மகளின் சட்டைப்பையை வண்டியில் ஏறுமுன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.