வாசகர் கேள்வி, வேளாண் பதில்: காத்திருக்கும் காய், காத்திருக்காத காய்

கேள்வி: கொல்லிமலை அரியூர் நாட்டில் எங்களுக்கு 2 ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. ஒன்றரை ஏக்கரில் குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) மீதியில் சாமையும் போடுகிறோம். கிழங்கு விலை சரிகிற வருடம் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கிழங்கை அடியோடு விட்டுவிட்டுக் காய்கறிக்கு மாறிவிடலாமா? கிணறு கிடையாது, ஊற்றுத் தண்ணீர் தை மாதம் வரை வரும்.
– வாசகர், கொல்லிமலை

பதில்: அடியோடு மாற வேண்டாம் என்பதே என் கருத்து. காய்கறியில் வருமானம் இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காய்கறி காத்திருக்காது என்பதற்காகச் சொல்கிறேன். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர் பாயிண்டுக்கு, அதாவது கிழங்கில் உள்ள மாவுச்சத்து அளவுக்கு, கொடுக்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்றால், பாயிண்டு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று கிழங்கை இன்னும் ஒரு மாதம் மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்க உங்களால் முடிகிறது. பீன்ஸை அப்படி விட முடியாது. பறிப்பை நான்கு நாள் தள்ளிப்போட்டால் நார் பாய்ந்துவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்க வேண்டிய ஊரில், வண்டி வராத ஒரு நாளே அந்தப் பறிப்பின் லாபத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றோடு அவரை, துவரை, மொச்சை என்று கலந்து விதைத்த மலை அது. சேலம், நாமக்கல் ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டபோது அந்தக் கலப்பு சுருங்கி, பல காடுகளில் ஒற்றைப் பயிரே நின்றது. இப்போது கிழங்கின் இடத்தில் முட்டைக்கோஸை வைத்தால் பயிரின் பெயர்தான் மாறும்; ஒரே விலையை நம்பிப் பிழைக்கும் நிலை மாறாது. ஆகவே சாமைக் காட்டில் கை வைக்காமல், கிழங்குக் காட்டிலேயே காய்கறிக்கு இடம் தேடுவோம்.

இடம் இருக்கிறது. கரணை (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டு) நட்டு முதல் 70, 75 நாள் வரை கிழங்குச் செடியின் இலை நிலத்தை மூடுவதில்லை. சரிவான காட்டில் மேல்மண் அதிகம் அடித்துச் செல்லப்படுவதும் அந்த நாட்களில்தான். வரிசைக்கு வரிசை 3 அடி விட்டு, சரிவுக்குக் குறுக்காக நட்டு, இடையில் குத்துப் பீன்ஸோ தட்டைப்பயறோ விதைத்தால், கிழங்கு தழைத்து நிழல் கட்டுவதற்குள் பீன்ஸ் பறிப்பு ஏறக்குறைய முடிந்துவிடும். தட்டைப்பயற்றைப் பச்சைக் காயாகப் பறித்தால் அதுவும் ஒத்துப்போகும். பறித்து முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து வரிசையிலேயே போடுங்கள்; வேர் முடிச்சுகளில் உள்ள தழைச்சத்து மண்ணுக்கே சேரும், பிடுங்கிய இடத்தில் மண் இளகி ஓடுவதும் இருக்காது. கொடிக்காய்களை மட்டும் இந்த இடைவெளியில் விதைக்காதீர்கள். அவை கிழங்குச் செடியின் மேல் ஏறி அதை அமுக்கிவிடும். முதல் வருடம் கால் ஏக்கரில் மட்டும் செய்து பார்ப்பது போதும்.

கொடிகளுக்கு உரிய இடம் கல்வரப்பும் ஊற்றோரமும். விற்பனைக்கு எதைப் போடுவது என்று முடிவு செய்யும்போது, விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், பறித்த பின் எத்தனை நாள் தாங்கும் என்று கேளுங்கள். முற்றிய பூசணியும் சாம்பல் பூசணியும் வீட்டு மூலையில் மாதக்கணக்கில் கிடக்கும். சௌசௌ வாரக்கணக்கில் வாடாது, உங்கள் மலையின் உயரத்துக்கும் குளிருக்கும் அது நன்றாக ஒத்துவரும். முளைவிட்ட முழுக்காயை ஒன்றரை அடிக் குழியில் தொழுவுரம் இட்டு நட்டு, பந்தல் போட்டுக் கொடுத்தால், ஐந்தாறு மாதத்தில் காய்க்கத் தொடங்கி அடுத்தடுத்த வருடங்களிலும் காய்க்கும். அடிவாரச் சந்தைக்கு இவற்றை அனுப்பலாம். பீன்ஸ், தக்காளி, கீரை போன்ற பொறுக்காத காய்களை, மலைமேலேயே உள்ள சோளக்காடு ஊர்ச் சந்தையில் விற்க முடிந்த அளவுக்கு மேல் பயிரிட வேண்டாம்.

கேள்வி: காய்கறித் தோட்டம் போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தண்ணீர் சுமப்பது யார்? ஊற்றிலிருந்து குடத்தில்தான் கொண்டுவர வேண்டும். வீட்டுத் தோட்டம் வைத்தால் எங்களுக்கு என்ன மிச்சம்?
– வாசகி, கொல்லிமலை

பதில்: முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 5 சென்ட் காய்கறித் தோட்டம் போதும் என்று எழுதுவது எளிது. 5 சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர். மழையில்லாத காலத்தில் சதுர மீட்டருக்கு 3 லிட்டர் ஊற்றினாலே 600 லிட்டர் ஆகிறது. 15 லிட்டர் குடத்தில் அது 40 நடை. இதை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுகிற யோசனையை நான் சொல்ல மாட்டேன்.

எனவே தோட்டத்தை மழையோடு விரித்து, மழையோடு சுருக்குங்கள். மழை மாதங்களில் 5 சென்டிலும் கத்தரி, அவரை, முள்ளங்கி, கீரை என்று விதைக்கலாம். ஊற்று வற்றத் தொடங்கியதும் வீட்டை ஒட்டிய 1 சென்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 8 குடம் போதும். அதிலும் பாதியைப் பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் கொடுத்துவிடும், சோப்பு நுரை அதிகமுள்ள நீரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தவசிக்கீரை போல ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் ஒடித்துக்கொள்ளக்கூடியவற்றை அந்த ஒரு சென்டில் வைத்து, பாத்தியைச் சருகால் மூடிவிடுங்கள்.

மிச்சம் என்ன என்று கேட்டீர்கள். நாளொன்றுக்கு ஒருவர் காயும் பழமுமாக 400 கிராமாவது உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஐவருக்கு அது 2 கிலோ. கிழங்கில் மாவுச்சத்தைத் தவிர அதிகம் இல்லை. கீரையும் பரங்கிக்காயும் தரும் வைட்டமின் ஏ சத்து அதில் கிடைக்காது. சந்தையில் வாங்காத ஒவ்வொரு கிலோவும் வீட்டில் நிற்கும் பணம். தோட்டத்துக் காயை விற்று வரும் காசு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதை விதைக்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலவசமாகக் கிடைத்த விதைப் பொட்டலத்தில் தக்காளியும் பூசணியும் நன்றாகக் காய்த்தன. அதிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் ஒன்றுபோல் வரவில்லையே, ஏன்?
– வாசகர், ஜவ்வாது மலை

பதில்: பொட்டலத்தில் இருந்தவை வீரிய ஒட்டு ரகமாக, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியவையாக இருந்திருக்கலாம், அவற்றின் அடுத்த தலைமுறையில் பெற்றோர் குணங்கள் பிரிந்துவிடும். விதை எடுக்க எண்ணினால் நாட்டு ரகத்தையோ, வீரிய ஒட்டு அல்லாத ரகத்தையோ கேட்டு வாங்குங்கள். பீன்ஸும் தக்காளியும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் விதை எடுப்பதில் சிரமமில்லை. அவரையிலும் கலப்பு குறைவுதான். பூசணி அப்படியல்ல; தேனீ பக்கத்துக் காட்டு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். மறுநாள் மலர இருக்கும் ஆண், பெண் மொட்டுகளை மாலையில் நூலால் கட்டிவைத்து, காலையில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மீண்டும் கட்டி அடையாளம் வையுங்கள். அந்தக் காயை நன்றாக முற்றவிட்டு விதை எடுங்கள்.