நுரையீரல் கார்சினாய்டு: பரவாத கட்டிக்கு நிணநீர் முடிச்சுகளை ஏன் எடுக்க வேண்டும்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். தோட்டத்தில் பால்மரம் சீவி வந்த என் தாயாருக்கு வயது 58. இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கார்சினாய்டு கட்டி இருக்கிறது. ஸ்கேனில் பரவல் தெரியவில்லை என்றாலும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும் என்கிறார் அறுவை மருத்துவர். இது தேவைதானா? எதிர்ப்புச் சக்தி போய்விடாதா?

பதில்: தேவைதான். கார்சினாய்டு பெரும்பாலும் மெதுவாக வளரும் ஒருவகைப் புற்றுக்கட்டி என்பதால், பலர் அதை ஆபத்தில்லாத கட்டி என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆனால் சாதாரண வகையிலேயே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நிணநீர் முடிச்சுகளில் (கிருமிகளை வடிகட்டும் சிறு சுரப்பிகளில்) அதன் செல்கள் காணப்படுகின்றன, 'அடிப்பிகல்' எனப்படும் சற்று வீரியமான வகையில் அந்த விகிதம் இன்னும் பல மடங்கு அதிகம். தாயாருக்கு இருப்பது எந்த வகை என்பதைச் பயாப்சியில் (சோதனைக்காக) எடுத்த சிறிய துணுக்கை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாமல் போவதுண்டு. கட்டி முழுவதையும் ஆய்வகத்தில் பார்த்த பிறகே அது தெளிவாகும்.

ஸ்கேன் பெரும்பாலும் முடிச்சின் அளவைத்தான் காட்டும். இயல்பான அளவிலுள்ள முடிச்சுக்குள் புற்றுச் செல்கள் ஒளிந்திருக்கலாம்; பழைய காசநோயினாலோ, கட்டி மூச்சுக்குழாயை அடைத்ததால் வந்த சளித்தொற்றினாலோ வீங்கிய முடிச்சில் புற்றே இல்லாமலும் இருக்கலாம். ஆகவேதான் நுரையீரலுக்குள் இருப்பவற்றிலிருந்தும், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே உள்ளவை உட்பட நடுமார்பில் இருப்பவற்றிலிருந்தும், மொத்தம் குறைந்தது 6 முடிச்சுகளையாவது எடுத்து ஆராய வேண்டும் என்று அறுவை மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. முடிச்சுகளைத் தொடாமல் முடித்த அறுவை சிகிச்சையைத்தான் நான் குறையுடையதாகக் கருதுவேன். நோய் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பிறகு யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

உடலில் நூற்றுக்கணக்கான நிணநீர் முடிச்சுகள் இருப்பதால், மார்பிலுள்ள சிலவற்றை எடுப்பதால் எதிர்ப்புச் சக்தி குன்றாது. மார்பகப் புற்றுக்கு அக்குளில் எடுத்தவர்களுக்கு வருவதைப் போன்ற கைவீக்கமும் இதில் வராது. அரிதாக நிணநீர் கசிந்து, மார்பில் வைத்த குழாயைச் சில நாள் கூடுதலாக வைத்திருக்க நேரிடலாம். குரல் நாண் நரம்பு பாதிக்கப்பட்டுக் குரல் கரகரக்கலாம், அந்த நரம்பு இடப்பக்கம் மார்புக்குள் இறங்கி வளைந்து செல்வதால் இதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வக அறிக்கை வந்ததும் அதன் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். சாதாரண வகையாக இருந்து முடிச்சுகளும் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் கீமோதெரபி தேவைப்படாது. எனினும் இக்கட்டி பத்து ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது என்பதால், உடல் நன்றாக இருக்கிறதே என்று ஈப்போவுக்குத் தொடர் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிட வேண்டாம்.