தியானம் கைகூடாதவருக்குப் பருவங்களைக் கவனிப்பது உதவுமா?

கண்ணை மூடி உட்கார்ந்தாலே மனசு ஓடுகிறது, பருவ மாற்றங்களைக் கவனித்தால் அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உதவியது. ஓட்டம் நிற்கவில்லை, ஆனால் திரும்பி வர ஓர் இடம் கிடைத்தது.

நானும் மூச்சைக் கவனித்துத் தோற்றவன்தான். பத்து நிமிடம் அலாரம் வைத்துவிட்டு, அது எப்போது அடிக்கும் என்பதையே கவனித்துக்கொண்டிருப்பேன். அதை விட்டுவிட்டு, மாடியில் ஒரே இடத்தில் நின்று சூரியன் எங்கே மறைகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிதான் அளவுகோல். மார்ச்சில் இரண்டு நாள் தவறவிட்டால் இடம் மாறியிருப்பது பளிச்சென்று தெரியும். ஜூன் மூன்றாம் வாரத்தில் பார்த்தால் அசையவே இல்லை! பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வரும் விளையாட்டு இது. பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, மறையும் இடம் தினமும் சூரியனின் அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நகர்கிறது. ஜூனிலும் டிசம்பரிலும் ஓரத்துக்கு வந்து, நின்று, திரும்புகிறது. இதைப் பள்ளியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்து ஒரு மரம். இலையுதிர்வை எல்லோரும் சோகமாகவே எழுதுகிறார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். மரம் இலையிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதியை முதலில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு காம்பின் அடியில் ஓர் அடுக்கை உருவாக்கி, இலையைத் தானே கழற்றிவிடுகிறது. பெரும்பாலும் அடுத்த மொட்டு அந்த இலையின் கக்கத்திலேயே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

ஒரே பனியை முன்பனி, பின்பனி என்று பிரித்துப் பெயர் வைத்தவர்கள் எவ்வளவு உற்றுப் பார்த்திருக்க வேண்டும்!

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. வாரம் 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள், உடலும் மனமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போயிருக்கவும் கூடும் என்பதால், நான் இதைப் பெரிதாகப் பிடித்துக்கொள்வதில்லை.

பகல் குறுகும் மாதங்களில் மனம் இருண்டுபோகிறவர்கள் உண்டு. மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால் குழுவினர் 1984-இல் விவரித்த பருவகால மனச்சோர்வு அது. அப்படி மனம் இருண்டவர்களிடம் போய் ‘மரத்தைப் பார்’ என்பது அபத்தம். மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

செய்முறை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரே இடம், ஒரே மரம், ஒரு வரிக் குறிப்பு. புகைப்படம் வேண்டாம், எடுத்ததும் கண் திரைக்குப் போய்விடும். தியானச் செயலியில் ஒரு நாள் தவறினால் என் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும், அந்தக் கோபத்திலேயே அடுத்த வாரமும் போகும். இங்கே காய்ச்சலில் பதினொரு நாள் படுத்துவிட்டு மாடி ஏறினேன். சூரியன் தொட்டியைத் தாண்டி, பக்கத்துக் குழாய்க்குப் போயிருந்தது. அதையே எழுதிவைத்தேன்.