பழைய கார்: யாரிடம் வாங்கலாம், எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கையில் 4 லட்ச ரூபாய் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் கார். உரிமையாளரிடம் நேரடியாக வாங்குவதா, கன்சல்டிங்கில் (பழைய கார் வியாபாரிகளின் கடையில்) வாங்குவதா, கார் கம்பெனிகளே நடத்தும் பழைய கார் ஷோரூமுக்குப் போவதா, ஆன்லைனில் வாங்குவதா? எதில் ஏமாறாமல் இருக்கலாம்?
– வாசகி, ஈரோடு

முதலில், 4 லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். வண்டியை 3.5 லட்சத்துக்குள் பேசி முடியுங்கள். பெயர் மாற்றமும் இன்ஷூரன்ஸும் போக, வாங்கிய முதல் மாதத்திலேயே ஏதாவது வேலை வரும். சின்ன காருக்கு நான்கு டயரும் மாற்றினால் 15,000 முதல் 20,000 ரூபாய் ஆகும். பேட்டரிக்கு 5,000 ரூபாய் அளவில் வேண்டும். கிளட்ச் செட் கூலியோடு சேர்ந்தால் 10,000 ரூபாயைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

விலை குறைவாகக் கிடைப்பது உரிமையாளரிடம் நேரடியாக வாங்கும்போதுதான். வண்டி எப்படி ஓடியது, எங்கே சர்வீஸ் ஆனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியும். ஆனால் வாங்கிய மறுநாள் கியர்பாக்ஸ் போனாலும் செலவு உங்களுடையது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) யார் பெயர் இருக்கிறதோ அவரே அடையாள அட்டையோடு எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். "வண்டி மச்சான் பெயரில் இருக்கிறது, அவர் துபாயில் இருக்கிறார்" என்றால், பேசுபவர் பெரும்பாலும் இடைத்தரகராக இருப்பார். உரிமையாளர் இறந்துவிட்டார் என்றால், வாரிசு தன் பெயருக்கு மாற்றிய பிறகுதான் (படிவம் 31) உங்களுக்கு விற்க முடியும். அதுவரை முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

கன்சல்டிங்கில் ஒரே நாளில் பத்து வண்டி பார்த்துவிடலாம், பேரம் பேசவும் இடம் உண்டு. சிக்கல் காகிதத்தில்தான். பல இடங்களில் பழைய உரிமையாளரிடம் வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை விற்கிறார்கள். இதை ஒழுங்குபடுத்தத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று (படிவம் 29பி) கொண்டுவந்தார்கள். உரிமையாளர் வண்டியை வியாபாரியிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் போகும் கடையில் இந்தச் சான்று இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். இல்லையென்றால், பழைய உரிமையாளரிடம் போனிலாவது பேசாமல் பணம் கொடுக்காதீர்கள். கமிஷன் எவ்வளவு, பெயர் மாற்றச் செலவு யாருடையது என்பதை வண்டியைப் பார்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாருதியின் ட்ரூ வேல்யூ போன்ற கம்பெனி ஷோரூம்களிலும், ஸ்பின்னி, கார்ஸ்24 போன்ற ஆன்லைன் நிறுவனங்களிலும் 4 லட்ச ரூபாய் வண்டிக்கு 30,000 முதல் 60,000 ரூபாய் வரை கூடுதலாகக் கேட்கலாம். அந்தக் கூடுதல் பணத்துக்குக் காகித வேலையும் வாரண்டியும் கிடைக்கின்றன. வாரண்டித் தாளை வாங்கி முழுதாகப் படியுங்கள். பல வாரண்டிகள் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தான். கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி., எலக்ட்ரிக்கல் எல்லாம் அதில் வராமல் இருக்கலாம். செலவோ பெரும்பாலும் அவற்றில்தான் வரும். "பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்" என்ற சலுகை இருந்தால், எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் வரை என்று பாருங்கள். அந்த நாட்களுக்குள்ளேயே வெளி மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் பலர் தேவையில்லாமல் பணம் இழக்கிறார்கள். பதிவு பெற்ற வியாபாரி பழைய கார் விற்றால் 2025 ஜனவரி முதல் 18 சதவீத வரி. அந்த வரி அவருடைய லாபத்துக்கு மட்டும்தான். 3.4 லட்சத்துக்கு வாங்கி 4 லட்சத்துக்கு விற்கிறார் என்றால், 60,000 ரூபாய்க்கு 18 சதவீதம், அதாவது 10,800 ரூபாய். முழு 4 லட்சத்துக்கும் கணக்குப் போட்டு 72,000 ரூபாய் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தனிநபர் தனிநபருக்கு விற்கும்போது இந்த வரி இல்லை.

முதல் கார், வீட்டில் வண்டி விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை என்றால், கூடுதல் பணம் கொடுத்து ஷோரூமில் வாங்குவதே மேல். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் உடன் வருவார் என்றால் நேரடியாக உரிமையாளரிடம் வாங்குங்கள். மெக்கானிக்குக் கொடுக்கும் 1,000, 2,000 ரூபாயைப் பார்க்க வேண்டாம்.

மெக்கானிக்கைக் கூட்டிப்போகும் முன், நாங்களே பார்த்துக் கழித்துக்கட்ட வேண்டிய வண்டிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கோவில்பட்டி

வீட்டில் உட்கார்ந்தே பாதியைக் கழித்துவிடலாம். வண்டி எண்ணை மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ போட்டால் பதிவு தேதி, எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை, இன்ஷூரன்ஸ் முடியும் நாள், தடைப்பட்டியலில் இருக்கிறதா என்பவை தெரியும். அபராதங்களை இ-சலான் தளத்தில் தனியாகப் பாருங்கள். அடுத்து, இன்ஷூரன்ஸ் பாலிசியின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதில் 'நோ கிளைம் போனஸ்' எத்தனை சதவீதம் என்று இருக்கும். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு ஏற்ப 20, 25, 35, 45, 50 என்று அது ஏறும். ஒரே உரிமையாளர், ஆறு வருட வண்டி, போனஸ் பூஜ்யம் என்றால் சமீபத்தில் கிளைம் வாங்கியிருக்கலாம், அல்லது பாலிசி நீண்ட நாள் விட்டுப்போயிருக்கலாம். எதற்காக என்று கேளுங்கள். "ஒரு கீறல்கூட விழாத வண்டி" என்ற பேச்சை இந்த ஒரு எண்ணே பரிசோதித்துவிடும்.

நேரில் பார்க்கப் போகும்போது, எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவது, தொடங்கியதும் வரும் புகை, டக்டக் சத்தம் எல்லாம் குளிர்ந்த எஞ்சினில்தான் தெரியும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். நீல நிறப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் வெண்புகை வந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எஞ்சினுக்குள் போகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்ததுபோல் வெளுத்த பசை நிறைய இருந்தாலும் அதே சந்தேகம்தான். இந்த மூன்றில் எது இருந்தாலும் அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.

அடிபட்ட வண்டியைப் பெயின்ட் மினுமினுப்பு மறைத்துவிடும், போல்ட் மறைக்காது. பானெட், முன் ஃபெண்டர் (முன் சக்கரத்தின் மேலுள்ள தகடு), கதவுக் கீல் ஆகியவற்றின் போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவின் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்தால் உள்ளே கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் வட்டங்கள் சீரான இடைவெளியில் தெரிய வேண்டும். பம்பர், ஃபெண்டர், கதவு மாற்றியிருந்தால் பயமில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஏப்ரனிலோ (எஞ்சினுக்குப் பக்கத்து உள்தகடு) பில்லரிலோ (கூரையைத் தாங்கும் தூண்) சேசிஸிலோ (அடிச்சட்டம்) வெல்டிங் வேலை நடந்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டிய பாகங்கள் அவை.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம்: விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கின் இணைப்பை எடுத்திருக்கலாம்.

மீட்டரைத் திருப்புவது இன்றும் நடக்கிறது. 35,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருக்காது. அந்தப் பிராண்டின் சர்வீஸ் சென்டரில், உரிமையாளரை உடன் வைத்துக்கொண்டு, கடைசி சர்வீஸில் பதிவான கிலோமீட்டரைக் கேட்டால் கதை வெளிவந்துவிடும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். '2319' என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் (தரையைத் தொடும் மேடுகள்) நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மெக்கானிக் காரின் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் மாட்டும்போது, 'கோளாறு எதுவும் இல்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டர் செய்யும் சுய பரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் கோளாறுக் குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் விற்பனைக்கு வருவதாகச் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, தாம்பரம்

வருகின்றன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடியிலும் அதுதான் நடந்தது. கழுவி, சீட் கவர் மாற்றி, வேறு மாவட்டத்தில் விற்றுவிடுகிறார்கள்.

சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். வழக்கமாகச் சுருளுக்குள் இருக்கும் கடைசிப் பகுதியைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. சேற்றுக் கறை அங்கே நிற்கும். பிறகு டிக்கியில் ஸ்பேர் டயரைத் தூக்கிவிட்டு அடிக்குழியைத் துழாவுங்கள். முன் சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, ரெயிலிலும் போல்ட்டிலும் துரு இருக்கிறதா, தரைவிரிப்புக்குக் கீழே ஈரமோ வண்டலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் பாக்ஸில் பச்சை படிந்த பின்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். காருக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் கண்ணாடிகளை மூடி ஏ.சி.யை அணைத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். ஊசல் வாடை மேலே வரும்.

இந்த வண்டிகளை வாங்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம், கோளாறு உடனே வராது என்பதுதான். ஒயரிங் கனெக்டர்களுக்குள் துரு மெல்லப் பரவி, ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து பவர் ஸ்டீயரிங், ஏ.பி.எஸ். பிரேக் என்று ஒவ்வொன்றாக நிற்கும். வரிசையாகப் பாகம் மாற்றியும் தீராது.

டெல்லி பதிவு கார் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால்தான் அங்கே விலை சரிந்தது. வண்டி மோசம் என்று பொருள் இல்லை.

ஆனால் பாதி விலை என்பது இங்கே வந்து சேரும்போது பாதியாக இருக்காது. அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து ஆயுள் வரி கட்ட வேண்டும். புதிய காருக்கு இந்த வரி 2023 நவம்பர் முதல் விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறையும். உயர்ரக வண்டி என்றால் குறைந்த பிறகும் பெரிய தொகைதான். லாரி வாடகையும் உண்டு. வண்டி 15 வருடத்தைத் தொட்டிருந்தால் பதிவைப் புதுப்பிக்க மட்டுமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி. இவற்றை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். என்.ஓ.சி. கையில் வரும்வரை முழுப் பணம் கொடுக்கக் கூடாது. சேசிஸில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

வங்கி ஏலத்தில் எடுப்பது லாபமா?
– வாசகர், சேலம்

தொழில் தெரிந்தவர்களுக்கு லாபம். ஏலத்தில் வண்டி 'இருக்கும் நிலையில், இருக்கும் இடத்தில்' விற்கப்படும். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், டெஸ்ட் டிரைவ் பெரும்பாலும் கிடையாது. மாதக்கணக்கில் யார்டில் வெயிலில் நின்ற வண்டிக்கு பேட்டரி, டயர், எலி கடித்த ஒயர் என்று செலவு காத்திருக்கும். கடனாளி ஆர்.சி.யைக் கொடுக்காவிட்டால், வங்கி படிவம் 36 மூலம் தன் பெயருக்குப் புதிய ஆர்.சி. வாங்கித்தான் உங்களுக்கு மாற்ற முடியும். அதற்கு எத்தனை நாள் என்று ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். முதல் கார் வாங்குபவருக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம்.

தினமும் ஆபீஸ் போய்வர 15 கிலோமீட்டர். 2021 டீசல் கார் நல்ல விலைக்கு வருகிறது, எடுக்கலாமா?
– வாசகி, கோவை

வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை மாசு விதி) டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை அது எரித்துத் தள்ள, நெடுஞ்சாலையில் 20 நிமிடமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவு அரை லட்சத்தைத் தாண்டலாம். அதே பணத்துக்குப் பெட்ரோல் வண்டி பாருங்கள்.

வாங்கிய காரின் இன்ஷூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. பெயர் மாற்றாமல் ஓட்டினால் என்ன?
– வாசகர், நாகர்கோவில்

எதிராளிக்கான காப்பு தொடரும். உங்கள் வண்டிக்கான சேதக் காப்பு உங்கள் பெயருக்கு மாறினால்தான் வேலை செய்யும். வாங்கிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். நோ கிளைம் போனஸ் விற்றவருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

ஆர்.சி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, கடன் இருந்தால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் என்.ஓ.சி.யும் வேண்டும். வங்கி என்.ஓ.சி. பெரும்பாலும் 3 மாதம்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். விற்பவர் நேரில் இருக்கும்போதே பரிவாகனில் விண்ணப்பித்துவிடுங்கள். கடைசித் தவணையாக 20,000, 30,000 ரூபாயை நிறுத்தி வைத்து, விண்ணப்ப ரசீது வந்ததும் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் காரை விற்றேன். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. அபராதச் செய்தி என் போனுக்கே வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

உடனே செயல்படுங்கள் ஐயா. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து விபத்து. ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் முடிந்திருந்தால் லட்சக்கணக்கில் நீங்கள் கட்ட நேரிடலாம். எனவே பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று இன்றே எம்-பரிவாகனில் பாருங்கள்.

விற்பனைக் கடிதம், டெலிவரி நோட், வாங்கியவரின் ஆதார் நகல், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விற்பனைத் தகவலை எழுத்துமூலம் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். விற்றவர் 14 நாட்களுக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது. தாமதமானாலும் செய்துவிடுங்கள். வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஆள் பிடிபடவில்லை, அல்லது வண்டி மூன்றாவது கைக்குப் போய்விட்டது என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலையும் ஆர்.டி.ஓ.விடம் சேருங்கள். பழைய ஃபாஸ்டேக்கை வங்கியில் சொல்லி மூடிவிடுங்கள். இல்லையென்றால் அவர் தாண்டும் ஒவ்வொரு டோல்கேட்டிலும் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.