ஐந்து பேர், ஒரு மலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒன்றாகப் படித்த ஐந்து பேர் நாங்கள். வயது 46, 47. முன்பு வருடத்துக்கு ஒரு மலை ஏறுவோம். கல்யாணம், பிள்ளைகள் என்றான பிறகு தீபாவளிக்குப் பார்ப்பதோடு சரி. அடுத்த ஆண்டு சபாவின் கினாபாலு மலை ஏற ஆசை. ஆனால் வாட்ஸ்அப்பில் பேச்சு மட்டும்தான் நடக்கிறது. எங்கே தொடங்குவது?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: தேதியில். ஐந்து குடும்பத்துக்கும் தோதான நாள் என்று தேடினால் அது வரவே வராது. கினாபாலுவில் நாளுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. இடையில் தங்கும் பானாலாபானில் படுக்கை கிடைக்கிற நாளையே பயண நாளாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டியவர் வருகிறார், கட்டாதவரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பணத்தை ஒரேயடியாகக் கேட்கவும் வேண்டாம். கையில் காசில்லை என்று சொல்லக் கூசுகிறவர் "லீவு கிடைக்கல" என்று ஒதுங்கிவிடுவார். தலைக்கு மாதம் 150 ரிங்கிட் போட்டால் 12 மாதத்தில் 9,000 சேர்ந்துவிடும்.

அடுத்தது உடம்பு. நடை தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது, உச்சி 4,095. முதல் நாள் 6 கிலோமீட்டர் ஏறிப் பானாலாபானில் படுத்து, விடியற்காலை இரண்டரை வாக்கில் உச்சிக்குக் கிளம்புவார்கள். ஆளைச் சாய்ப்பது ஏற்றமல்ல, அன்றைய இறக்கம். ஒரே நாளில் 2,229 மீட்டர் இறங்க வேண்டும். நம் பினாங்குக் கொடிமலை 833 மீட்டர்தான். அதை இரண்டரைத் தடவைக்கு மேல் ஒரே மூச்சில் இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழகாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும், மறுநாள் வீட்டு மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவீர்கள். தண்ணீர்மலைப் பக்கம் தாவரப் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் கொடிமலை ஏறிவிட்டு ரயிலில் இறங்கினால் பயிற்சியில் பாதி போச்சு. நடந்தே இறங்குங்கள். காலடி குட்டையாக இருக்கட்டும், முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். வாரம் ஒரு தடவையாக 12 வாரம் போதும். கடைசி நாலு வாரம் முதுகில் 6 கிலோ தண்ணீர் சுமங்கள். முட்டி வலிக்காரர் அதை மேலே கொட்டிவிட்டு இறங்கலாம்.

கேள்வி: மேலே தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு தொடரலாமா? எங்களில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்கிறார்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: சொல்லாதவரோடு ஏறாதீர்கள். அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூடுதலாகப் பிரிய வைக்கும். வியர்வையும் சேர்ந்தால் உடம்பு வறண்டு மயக்கம் வரும். ஒரு மாதம் முன்பே அவர் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். உயரம் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரை போடலாமா என்பதையும் அங்கேயே கேளுங்கள், சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ வந்தால் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். வலி மாத்திரை வலியை மறைக்கும், ஏறுவதற்கு அனுமதி தராது. அதே உயரத்தில் ஓய்வெடுக்க வேண்டும், தணியாவிட்டால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இருட்டு, மழை பார்க்காமல் உடனே வழிகாட்டியோடு இறக்குங்கள்.

ஆண்கள் கூட்டத்தில் "நான் திரும்புறேன்" என்பது லேசில் வாயில் வராது. அதற்குப் பதில் வருவது "டேய், நீங்க போங்க, நான் மெதுவா வரேன்". ஆபத்து அதில்தான் இருக்கிறது. யார் திரும்பினால் யார் கூட இறங்குவது என்று பினாங்கிலேயே ஜோடி பிரித்துவிடுங்கள். ஐந்து பேர் என்பதால் ஒரு ஜோடியில் மூவர். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், மற்றவர்கள் ஓய்வெடுத்து எழும் நேரத்தில் அவர் வந்து சேருவார், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

கேள்வி: பத்து வருடம் முன்பு வாங்கிய மலையேற்றச் சப்பாத்து புதுசு போலவே இருக்கிறது. போடலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: வேண்டாம். அடிக்கும் மேல்தோலுக்கும் நடுவில் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அலமாரியில் கிடந்தாலே அது சிதையும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றாலோ துகள் உதிர்ந்தாலோ, நடுவழியில் அடி முழுசாகப் பெயர்ந்து வரும். காட்டுச் சேற்றுக்கு 'அடிடாஸ் கம்போங்' என்று நம் ஊரில் சொல்லும் ரப்பர் சப்பாத்து மலிவு, நல்ல பிடிமானம். ஆனால் அடி மெல்லிசு, நீண்ட இறக்கத்தில் பாதம் எரியும். எதைப் போட்டாலும் அரை அளவு பெரிதாக வாங்குங்கள். கிளம்புமுன் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பெருவிரல் நகம் கறுத்துப்போகும்.