குடிமையியலுக்கு யாரு டியூஷன் வைக்கிறா?

(நம்ம நாட்டு அரசியல் சட்டம் உருவான கதையை பள்ளிக்கூடத்துல எப்படிச் சொல்லித் தரணும்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கேள்விகள்ல சிலது இங்க.)

கேள்வி: என் பொண்ணு பத்தாவது படிக்கிறா, அரசுப் பள்ளி. முகப்புரையை ஒரு தப்பு இல்லாம ஒப்பிக்கிறா. இது எதுக்குடின்னு கேட்டா "மார்க்குக்குமா"ங்கிறா. கணக்குக்கு டியூஷன் இருக்கு, சயின்ஸுக்கு இருக்கு, குடிமையியலுக்கு எவனும் டியூஷன் எடுக்கல. இதைச் சொல்லிக் கொடுத்து என்னங்க ஆகப் போகுது?
— ஒரு அம்மா, ஈரோடு

பதில்: உங்க பொண்ணு உண்மையைத்தான் சொல்லியிருக்கா. பத்தாவது சமூக அறிவியல்ல வரலாறு, புவியியல் ரெண்டும் முடிஞ்சு அதுக்கப்புறம் வர்ற பகுதி அது, சார் அங்க வந்து சேர்றதுக்குள்ள ரிவிஷன் டெஸ்ட் வந்துரும். ஆனா எதுக்குன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்னைக்கே பதில் சொல்லிட்டாரு. அரசியல் சட்ட வரைவை, அதை எழுதுறதுக்குன்னு கூடின அரசியல் நிர்ணய சபையில வச்சுப் பேசுறப்போ, அரசியல் சட்டத்தை மதிச்சு நடக்குற குணம் யாருக்கும் தானா வராது, அதை வளர்த்துத்தான் ஆகணும், இந்த மண்ணு அடியில ஜனநாயகமே இல்லாத மண்ணு, ஜனநாயகம் மேலால போட்ட பூச்சுதான்னு ஒளிவுமறைவில்லாம சொன்னாரு. வளர்க்கிறதுன்னா வேற எங்க வளர்க்கிறது, எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒண்ணா உக்கார்ற ஒரே இடம் பள்ளிக்கூடம்தானே.

உங்க பொண்ணோட எந்த புஸ்தகத்தை வேணா எடுத்துப் பாருங்க, தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல்னு மூணு வரி அச்சடிச்சிருக்கும். அரசியல் சட்டத்தோட 17-வது பிரிவுதான் அது, சுருக்கமா. அந்த வரி இருக்குற புஸ்தகத்தைப் படிச்ச பசங்கதான் 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிக்கிற பட்டியல் சாதிப் பையனை வீடு புகுந்து வெட்டினாங்க. அப்புறம் நீதிபதி சந்துரு குழு போட்டு, அவரும் 2024-ல அறிக்கை குடுத்து, கையில கட்டுற சாதிக் கலர் கயிறைத் தடை பண்ணுங்க, பள்ளிக்கூடப் பேர்ல இருக்குற சாதியை எடுங்கன்னு சொன்னாரு. சரிதான். ஆனா அந்த மூணு வரியை ஒரு பீரியட் முழுக்க உக்கார வச்சு எத்தனை கிளாஸ்ல பேசியிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? அட்டையைத் திருப்புறப்போ கண்ணுல படுறதோட சரி.

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளியில சமூக அறிவியல் எடுக்குறேன். எழுதி முடிக்க 2 வருஷம் 11 மாசம் 18 நாள், 395 உறுப்பு, 22 பகுதி, 8 அட்டவணை, இதைத் தாண்டிப் போக எங்களுக்கு நேரமும் இல்ல, பசங்களுக்கு ஆர்வமும் இல்ல. என்ன செய்யலாம்?
— ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: டீச்சர், ஆர்வம் இல்லாததுக்குப் பசங்களைக் குத்தம் சொல்லாதீங்க, நாம சொல்லிக் கொடுக்கிற விதத்துல பெரியவங்க எல்லாரும் ஒத்துமையா உக்காந்து எழுதி கையெழுத்துப் போட்டு போட்டோவுல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. நெசத்துல அங்க நடந்தது சண்டை. வரைவு மேல 7,635 திருத்தம் வந்துச்சு, அதுல 2,473 சபையில பேசப்பட்டுச்சு. அதுல ஒரே ஒரு சண்டையை எடுங்க, ஒரு பீரியட் போதும்.

எனக்குப் பிடிச்சது 1949 அக்டோபர் 17. முகப்புரையைக் கடவுள் பேரால தொடங்கணும்னு சபை உறுப்பினர் எச்.வி.காமத் ஒரு திருத்தம் கொண்டு வர்றாரு. நம்பிக்கை விஷயத்துல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு இன்னொரு உறுப்பினர் பட்டம் தாணு பிள்ளை எதிர்க்கிறாரு, எச்.என்.குன்ஸ்ருங்கிற உறுப்பினரும் எதிர்க்கிறாரு, கடைசியில ஓட்டுக்கே விட்டுடுறாங்க. முடிவைச் சொல்லாம இங்கயே நிறுத்திட்டு கிளாஸைப் பிரிச்சு பேசச் சொல்லுங்க, கை தூக்கச் சொல்லுங்க, அப்புறமா சொல்லுங்க: ஆதரவு 41, எதிர்ப்பு 68. இந்திய மக்களாகிய நாம்னு ஏன் தொடங்குதுன்னு அதுக்கப்புறம் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

நம்ம ஊர்ப் பசங்களுக்கு இன்னொண்ணு நல்லா ஏறும். சபை கூடின ரெண்டாவது நாள், 1946 டிசம்பர் 10, இந்துஸ்தானி தெரியாதவங்களுக்கு இந்தியாவுல இருக்கவே உரிமை இல்லன்னு உ.பி. உறுப்பினர் துலேகர் பேசுறாரு. 1948 நவம்பர்ல நம்ம சென்னை மாகாணத்து உறுப்பினர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி எழுந்து, உ.பி. நண்பர்களுக்கு முழு இந்தியா வேணுமா இல்ல இந்தி இந்தியா வேணுமா, அவங்களே முடிவு பண்ணட்டும்னு திருப்பிக் குடுக்குறாரு. அதே பேச்சுலதான் வரைவுக் குழுவோட லட்சணத்தையும் போட்டு உடைச்சாரு, ஏழு பேர்ல ஒருத்தர் விலகிட்டாரு, ஒருத்தர் செத்துட்டாரு, ஒருத்தர் அமெரிக்காவுல, ஒருத்தர் வேற வேலையில, ஒண்ணு ரெண்டு பேர் டெல்லிப் பக்கமே இல்ல, பாரம் மொத்தமும் அம்பேத்கர் தலையிலன்னு. குரூப் ப்ராஜெக்ட் செஞ்ச எந்தப் பிள்ளைக்கும் இது உடனே புரியும்.

விவாதம் முழுக்க இணையத்துல இலவசமா கெடக்கு. கொஸ்டின் பேப்பர்ல வராதேன்னு கேப்பீங்க. வராதுதான், அந்தப் பக்கம் என்னால உங்களுக்கு உதவ முடியாது.

கேள்வி: கவர்மெண்ட் சம்பளம் குடுத்து, கவர்மெண்டே புக் அடிச்சு, கவர்மெண்டைப் பத்தியே சொல்லித் தர்றது பிரச்சாரம் இல்லாம வேற என்ன சார்?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: சந்தேகப்படுறதுல தப்பே இல்ல. 2011-ல சமச்சீர் புஸ்தகத்துல முந்தின ஆட்சிக்காரங்க சம்பந்தப்பட்ட பக்கத்து மேல ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தாங்களே, பசங்க அதை உரிச்சுப் பார்க்கிறதுல காட்டின அக்கறையை எந்தப் பாடத்துலயும் காட்டியிருக்க மாட்டாங்க. 2012-ல மத்திய அரசோட என்.சி.இ.ஆர்.டி. பதினொண்ணாவது புக்குல, அரசியல் சட்ட வேலை நத்தை வேகத்துல போகுதுன்னு, நத்தை மேல அம்பேத்கர், பின்னாடி சாட்டையோட நேருன்னு சங்கர் 1949-ல போட்ட கார்ட்டூனுக்கு நாடாளுமன்றமே அல்லோலகல்லோலப்பட்டுச்சு. அடுத்த மாசமே இந்தி எதிர்ப்புப் பத்தின ஆர்.கே.லக்ஷ்மண் கார்ட்டூனை எடுக்கணும்னு கலைஞர் கேட்டாரு. கோவத்துல நியாயம் இருந்துச்சு, அந்தப் படம் போராடின பசங்களைக் கேலி பண்ற மாதிரிதான் இருந்துச்சு. ஆனா என்னைக் கேட்டா படத்தை எடுக்காம பக்கத்துலயே எதிர்ப்பையும் அச்சடிச்சு, யாரு சொல்றது சரின்னு பசங்ககிட்ட விட்டிருக்கணும்.

பிரச்சாரம் ஆகாம இருக்க ஒரே வழி, அந்தப் பெரியவங்க விட்ட ஓட்டையையும் சேர்த்துச் சொல்றது. அரசியல் நிர்ணய சபையை எல்லா ஜனமும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கல, மாகாண சட்டசபைகள்தான் தேர்ந்தெடுத்துச்சு, அந்தச் சட்டசபைகளுக்கு ஓட்டுப் போட சொத்து, வரி, படிப்புன்னு ஏகப்பட்ட தகுதி இருந்துச்சு. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒண்ணரை வருஷம் கூட முடியல, முதல் திருத்தம் வந்துருச்சு, அதுக்கு ஒரு காரணம் நம்ம சென்னை மாகாணம். சாதி, மதவாரியா இடம் ஒதுக்கின அரசாணையான கம்யூனல் ஜி.ஓ. செல்லாதுன்னு செண்பகம் துரைராஜன் வழக்குல 1951-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, இங்க கொந்தளிப்பு, அதுக்கப்புறம்தான் பின்தங்கினவங்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம்ங்கிற 15(4) பிரிவு வந்துச்சு. ஊர்க்காரங்க கத்தினதுல சட்டம் மாறிச்சுங்கிற கதை இது, எந்த அரசாங்கமும் விரும்பிப் பிரச்சாரம் பண்ற கதை கிடையாது.

கேள்வி: ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல குடவோலை போட்டவங்க நாம. வெள்ளைக்காரன்கிட்ட எதுக்குக் கத்துக்கணும்?
— ஒரு வாசகர், காஞ்சிபுரம்

பதில்: கல்வெட்டை முழுசா படிக்கணும் சார். முதலாம் பராந்தகன் காலத்து ஏற்பாடு, பிராமணங்க ஊரோட சபை, வரி கட்டுற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரியணும். நம்மள்ல முக்கால்வாசிப் பேர் பேரு ஓலையிலயே ஏறியிருக்காது. அதுல நான் மெச்சுறது ஒண்ணு, பதவியில இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் மட்டும் இல்ல, அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது. இந்த ரெண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கலாம்.

கேள்வி: தேசிய கீதம் பாட மாட்டேன்னு ஒரு பையன் சொன்னா டி.சி. குடுக்கலாமா?
— ஒரு பி.டி. சார், நாகர்கோவில்

பதில்: கூடாது. கேரளாவுல யெகோவா சாட்சிகள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைங்க மூணு பேரு, மரியாதையா எழுந்து நின்னாங்க, பாடல, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் வெளிய அனுப்பிருச்சு. 1986-ல பிஜோ இம்மானுவேல் வழக்குல உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொல்லிருச்சு. அந்தத் தீர்ப்பைப் பிரேயர்ல ஒரு நாள் வாசிச்சுக் காட்டுங்க சார், கீதம் பாடின பிறகே.

கேள்வி: எங்க ஊர்ல ஒன்பதாவது பசங்களை கிராம சபைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். வில்லங்கம் எதுவும் வருமா?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், சிவகங்கை மாவட்டம்

பதில்: 18 ஆகாததால பசங்க உறுப்பினர் கிடையாது, தீர்மானத்துல கை தூக்க முடியாது, உக்காந்து கேக்கட்டும். கிராம சபை கூடுற நாள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இது போக மார்ச் 22, நவம்பர் 1. முன்னாடியே ஊராட்சித் தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, இல்லன்னா எவனோ தூண்டிவிட்டுக் கூட்டிட்டு வந்திருக்கான்னு பேச்சு வரும். வரவு செலவு வாசிக்கிறப்போ நோட்டுல எழுதிக்கச் சொல்லுங்க. வாசிக்கலைன்னா அதையும் எழுதிக்கட்டும்.